சுடலைக்கண்ணன் வாய் திறக்காத இரண்டாம் பாதி

அப்பனே மகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிற வீட்டில் சோறு ஆறித்தான் போகும் என்பாள் மாலதி. அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தட்டில் கை வைத்த உடனே அவள் புருஷன் சுடலைக்கண்ணன், இந்த அப்பளம்தான் கோல், இந்த ஊறுகாய்தான் நீ, ஊறுகாய் ஏன் அப்பளத்தை விட்டு இவ்வளவு தள்ளி நின்றது என்று ஆரம்பித்துவிடுவான். மகள் பேராச்சி ஊறுகாயைத் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவாள்.

சுடலைக்கண்ணனுக்குப் பம்பாய்த் தாராவியில் பெல்ட் தைக்கிற பட்டறையில் வேலை. இளவட்டமாக இருந்தபோது மழைக்கால டோர்னமெண்ட் ஒன்று விடாமல் ஆடியவன். பேராச்சியின் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஃபுட்பால் டீம் ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த சார் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். டீமைக் கலைத்துவிடலாமா என்று பெரிய டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் வருகிறேன் என்று இவன் போய் நின்றான். பட்டறை முதலாளி ஷாகுல் ஹமீது பாயும், சாயங்காலம் போய்க்கொள், காலையில் சீக்கிரம் வந்து ஈடுகட்டிவிடு என்று விட்டுவிட்டார். அப்படி ஒரு முதலாளி கிடைக்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

டீமில் எல்லா பாஷைப் பிள்ளைகளும் உண்டு. கோல் காக்கிற ஆபிதா வீட்டில் உருது, முன்னால் நின்று அடிக்கிற சாயிமா வீட்டில் வேறு ஒரு ஹிந்தி, மற்றவர்கள் வீட்டில் மராத்தி, தெலுங்கு. ஆகவே பிராக்டிஸ் எல்லாம் ஹிந்தியில்தான். மேட்ச் என்று வந்துவிட்டால் மட்டும் சுடலைக்கண்ணன் தமிழுக்கு மாறிவிடுவான். அதுவும் திருநெல்வேலித் தமிழ். நம் ஆட்களுக்கு இடது வலது ஏது? எல்லாம் திசைதான். 'மேக்க தட்டு, கெழக்க ஓடு, தெக்க ஆளு வாரா' என்று கோட்டோரமாக ஓடிக்கொண்டே கத்துவான். அதற்காக மேட்ச்சுக்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, இந்த மைதானத்துக்கு இது மேற்கு, இது கிழக்கு என்று கையை நீட்டிக் காட்டிவிடுவான். ஆபிதாவும் சாயிமாவும்கூட அதற்குப் பழகிவிட்டார்கள். எதிர் டீமுக்கு ஒரு எழுத்தும் விளங்காது. கோவண்டி டீமையும் தாணே டீமையும் ஜெயித்தது இந்தத் தந்திரத்தால்தான் என்பது அவன் கட்சி.

பேராச்சியின் கட்சி வேறு. அவள் நடுவில் நின்று ஆடுகிறவள். பந்து காலுக்கு வருமுன்னே அப்பாவின் சத்தம் காதுக்கு வந்துவிடும். யோசிப்பதற்கு இடமே கிடையாது. செமிஃபைனலுக்கு முந்தின சாயங்காலம் ஷூவைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"இந்த மேட்ச்தாம்மா கடைசி. இதுக்கு மேல நான் வரல."

"ஏம்ட்டி?"

"நான் எங்க வெளையாடுதேன்? அப்பாதான் என் காலை வச்சு வெளையாடுதாங்க."

மாலதி அதை அப்படியே புருஷனிடம் கொண்டுபோய்ச் சொன்னாள். ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும், சின்னப்பிள்ளைப் பேச்சு என்றான் அவன். தோற்றால் என்று இவள் கேட்டாள். அவன் பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டான்.

மேட்ச் செம்பூரில். டீமோடு துணைக்குப் பெரியவர்கள் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததால் மாலதி ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனுஷர் முகத்தைப் பார்க்கத் தெரியும். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. மைதானம் சேறாகக் கிடந்தது. எதிர் டீம் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் பெயர், பிள்ளைகள் தங்களுக்குள் பேசியது இங்கிலீஷும் ஹிந்தியும். அவர்களுடைய கோச் தொப்பி போட்ட ஒரு அம்மாள், ரெஃபரியிடம் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தாள். சுடலைக்கண்ணன் ஒரு பார்வை பார்த்தான், நிம்மதியாகத் தன் பிள்ளைகளுக்குத் திசை காட்டினான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். தாராவியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் மாட்டுங்கா. அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்க் குடும்பம் இருப்பது தாராவியில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஷூவும் சாக்ஸும் போட்டு இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளுக்கு 'மேக்க' என்றால் விளங்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்து பேராச்சியிடம் வந்ததும், கிழக்கே சாயிமா நிற்கிறாள், அவளிடம் தட்டு என்று கத்தினான். பேராச்சி தட்டினாள். பந்து போய்ச் சேருமுன்னே எதிர் டீமின் கேப்டன், ஒற்றைப் பின்னல் போட்ட உயரமான பெண், கிழக்கே போய் நின்றுகொண்டிருந்தாள். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோல்.

அடுத்த தடவையும் அப்படித்தான். மேற்கே என்றால் மேற்கே ஒருத்தி முந்திக்கொள்கிறாள், தெற்கே என்றால் தெற்கே. பேராச்சி ஓடுகிற ஓட்டத்தில் கோட்டோரம் வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள், அவர்களுக்கு எல்லாம் புரிகிறது என்று. சுடலைக்கண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. பந்தை விட்டுவிட்டுச் சாக்குச் சொல்கிறாயா, உன் வேலையைப் பார் என்று எல்லோர் முன்னாலும் அதட்டினான். அந்தப் பிள்ளையின் முகம் கல்லாகிப்போனதை நான் பார்த்தேன். பக்கத்தில் மாலதியும் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில், கோல் காக்கிற ஆபிதாவை முன்னால் வரச் சொல்லிக் கத்தினான். அவள் வந்தாள். ஒற்றைப் பின்னல்காரி அதற்காகவே காத்திருந்தவள் போல் ஆபிதாவின் தலைக்கு மேலே தூக்கி அடித்தாள். இரண்டாவது கோல்.

பாதி ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள். தொப்பி போட்ட அம்மாள் நேரே எங்கள் பக்கம் நடந்து வந்தாள். எதற்கு வருகிறாள் என்று சுடலைக்கண்ணன் விறைப்பாக நின்றான். அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"நான் ஷ்யாமளா. தப்பா எடுத்துக்கப்படாது. நாங்க மாட்டுங்காக்காரா. டீம்ல பாதிக் கொழந்தைகள் ஆத்துல தமிழ்தான். நீங்க சொல்றதெல்லாம் அவாளுக்கு நன்னாப் புரியறது."

சுடலைக்கண்ணன் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"ஜெயிச்சுண்டுதான் இருக்கோம். ஆனா ஒட்டுக்கேட்டு ஜெயிக்கற மாதிரி இருக்கு. எனக்கு மனசு ஒப்பலை. அதான் சொல்லிடலாம்னு வந்தேன்."

போகத் திரும்பியவள், என்ன நினைத்தாளோ, நின்றாள். அந்தக் கேப்டன் சாருலதா தன் மகள்தான் என்றாள். தானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாளாம்.

"போன வருஷம் மேட்ச் நடுவுல எங்கிட்ட வந்து, 'ஒண்ணு நீ ஆடும்மா, இல்லேன்னா என்னை ஆட விடு'ன்னுட்டா. அன்னிலேர்ந்து வாயில சூயிங்கத்தைப் போட்டுண்டு நிக்கறேன். தாடைதான் வலிக்கறது."

அவள் போய்விட்டாள். சுடலைக்கண்ணன் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹிந்தியில் கத்தினாலும் அவர்களுக்குப் புரியும், மராத்தியில் கத்தினாலும் புரியும். பம்பாயில் ஒளித்து வைத்துப் பேச ஒரு பாஷை ஏது? ஆனால் அவன் அதையா நினைத்துக்கொண்டிருந்தான்? பிள்ளைகள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த இடத்துக்குப் போனான். பேராச்சி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். எல்லாரும் கேட்கும்படியாகத்தான் சொன்னான்.

"ஏட்டி, நீ அப்பமே சொன்ன. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

பேராச்சி பழத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இனிமே நான் பேசல மக்கா. நடுவுல நிக்குறது நீ. உனக்கு என்ன தெரியுதோ அதை இவங்ககிட்ட நீ சொல்லு."

"உங்களால முடியாதுப்பா."

"பாப்போம்."

இரண்டாம் பாதி தொடங்கியது. அவன் எங்கள் குடைக்குள் வந்து நின்றுகொண்டான். தோளில் கிடந்த துண்டின் முனையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டான். முதலில் பிள்ளைகள்தான் தடுமாறினார்கள். ஆபிதா பழக்கதோஷத்தில் கோட்டோரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அங்கிள், ஏதாவது சொல்லுங்கள் என்று ஹிந்தியில் கெஞ்சினாள் சாயிமா. அவன் துண்டைக் கடித்தபடியே தலையை ஆட்டினான். அந்த மழையிலும் அவனுக்கு நெற்றி வியர்த்திருந்தது.

பிறகு மெல்ல மெல்ல வேறொரு குரல் கேட்க ஆரம்பித்தது. பேராச்சியின் குரல். அப்பனைப் போல் கத்தவில்லை அவள். ஒருத்தியின் பக்கத்தில் ஓடும்போது ஒரு வார்த்தை, இன்னொருத்திக்குக் கையால் ஒரு ஜாடை. தலையை நிமிர்த்தி அப்படியும் இப்படியும் பார்த்துக்கொண்டே ஆடினாள். முதல் பாதியில் அவள் தலை நிமிர்ந்து நான் பார்க்கவே இல்லை. சாருலதாவும் அதைக் கவனித்துவிட்டாள் போல. தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு இவளுக்கு இன்னொரு ஆளைக் காவல் போடச் சொன்னாள்.

கடைசிக் கட்டத்தில் பந்து பேராச்சியின் காலுக்கு வந்தது. எதிரே கோல் காக்கிறவளைத் தவிர ஒருத்தியும் இல்லை. எனக்கே தெரிந்தது, அடிக்க வேண்டியதுதான் என்று. சுடலைக்கண்ணன் பெருவிரலில் எம்பி நின்றான். துண்டு வாயிலிருந்து விழுந்துவிட்டது. உதடு 'அடி' என்று குவிந்ததை நான் பார்த்தேன். சத்தம் வெளியே வரவில்லை. விழுங்கிவிட்டான். பேராச்சி அடிக்கவில்லை. கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பந்தைப் பின்னால் உருட்டிவிட்டாள். பின்னால் வந்த சாயிமா ஓடிவந்த வேகத்தில் ஒரே அடி. கோல்.

சொல்லிவைக்கிறேன், அவன் வாய் திறந்திருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது.

அதற்கு மேல் கோல் விழவில்லை. இரண்டுக்கு ஒன்றில் தோற்றுப்போனார்கள். ஆபிதா கொஞ்சம் அழுதாள். மற்றவர்கள் சேற்றை அள்ளி ஒருத்திமேல் ஒருத்தி பூசிக்கொண்டிருந்தார்கள். சுடலைக்கண்ணன் மைதானத்தைக் குறுக்கே நடந்து ஷ்யாமளாவிடம் போனான். நானும் மாலதியும் கூடவே போனோம். நீங்க நல்லா இருக்கணும் அக்கா என்று கையைக் கூப்பினான். எதிராளியிடம் வந்து இப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும், சொல்லாமல் இருந்திருந்தால் நான்கு ஐந்து கோல் போட்டிருப்பீர்களே என்றான். ஷ்யாமளா சிரித்தாள். நன்றியெல்லாம் என் பெண்ணுக்குச் சொல்லுங்கோ, எனக்குப் புத்தி சொன்னவள் அவள்தான் என்றாள். சாருலதா வெட்கப்பட்டுக்கொண்டு பின்னலைப் பிழிந்து தண்ணீரை வடித்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பேராச்சி மட்டும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் அவர்களுக்குப் பின் சீட்டில்.

"அந்தப் பந்து வந்தப்ப நீங்கன்னா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

"அடின்னுதான்."

"அவங்க கோல்கீப்பர் என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. அடிச்சிருந்தா நேரே அவ வயித்துலதான் போயிருக்கும்."

"சாயிமா வாரதை எப்பம் பாத்த?"

"பந்து வாரதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்."

சுடலைக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, அம்மா சொன்னாள், இதுதான் கடைசி மேட்ச் என்றாயாமே என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

பேராச்சி ஜன்னல் கம்பியில் வழிகிற தண்ணீரை விரலால் தட்டிவிட்டாள்.

"அது நேத்துச் சொன்னது. அடுத்த வருஷம் அந்தச் சாருலதாவை நான்தான் கூடவே நின்னு மார்க் பண்ணுவேன். ரெண்டு கோலும் அவதானே போட்டா."

மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ திரும்புறதுக்கு முன்னால தோளைத் தாழ்த்துதா, பாத்தியா? நீ என்ன செய்யணும்னா..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டான்.

பேராச்சி சிரித்துவிட்டாள். "சொல்லுங்கப்பா. பஸ்ல சொல்லலாம்."

அவன் சொல்லத் தொடங்கினான். அவள் நடுவில் மறித்து, அப்படி இல்லை என்றாள். பிறகு எப்படி என்று இவன் கேட்டான். அவள் தன் முழங்காலில் விரலை ஓட்டிக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். வெளியே மழை வலுத்து, சயான் பக்கம் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. கண்டக்டர் முனகினார், ஆட்கள் எட்டிப் பார்த்து டிராபிக்கைத் திட்டினார்கள். மாலதி என் காதருகே குனிந்து, இன்னைக்கு மெதுவாவே போகட்டும்க்கா என்றாள்.