வரிசையில் முதல் ஆள்

மலையேற்றப் பயிற்சிக்குக் கீர்த்தி ரப்பர் செருப்போடு வந்து நின்றாள். ஜானட்டுக்கு அவள் மேல் வந்த முதல் எரிச்சல் அதுதான்.

மற்ற ஆறு பேரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எந்த பூட்ஸ் குளிருக்குத் தாங்கும், எது ஈரத்தில் வழுக்கும் என்று வாரக்கணக்கில் படித்து, பாரிமுனைக் கடைகளில் ஏறி இறங்கி, எல்லோரையும் வாங்க வைத்தவள் ஜானட். ஜூன் மாதம் இமாச்சலில் இரண்டு கணவாய்களைத் தாண்டிப் போகும் நடைப்பயணம் என்பதே அவள் யோசனைதான். ராயபுரத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான மாலை வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் அவர்கள். பகலில் ஆளுக்கொரு வேலை. ஜானட்டுக்குக் கன்டெய்னர் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிற வேலை. கல்மண்டபத்து வீட்டிலிருந்து துறைமுக ரோட்டுக்கும் அங்கிருந்து வகுப்புக்கும் என்று நாட்களை ஓட்டியவளுக்கு, தானே திட்டம் போட்டு ஓர் உயரத்தில் போய் நிற்க வேண்டும் என்று ஆசை வந்திருந்தது. அந்த உயரத்தில் பக்கத்தில் குமாரவேல் நிற்க வேண்டும் என்பதும் ஆசைதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சி, புளியந்தோப்பில், அவர்களில் ஒருத்தியான கிறிஸ்டினா குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கின் படிக்கட்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதுகுப் பையில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு ஒன்பது மாடி ஏறி இறங்குவார்கள். லிஃப்ட் இருக்கும்போது இதுகளுக்கு என்ன வேண்டுதல் என்று மாடிப் பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள். முதல் வாரம் ஆறாவது மாடியில் ஜானட் மூச்சு வாங்கி நின்றபோது, பின்னால் வந்த குமாரவேல் ஒன்றும் பேசாமல் அவள் பையை வாங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டு ஏறினான். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருக்கிறவன். ஏறுவது அவனுக்குத் தொழில். அவனுக்கு அது மூன்று மாடி. ஜானட் அதை வைத்துப் பல வாரங்கள் வாழ்ந்தாள். அது வெறும் உதவியா, வேறு ஏதாவதா என்று இரண்டு பக்கமும் எடுத்து வைத்துப் பார்ப்பாள். ஒரு பக்கமும் நிற்காது.

கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதுதான் கீர்த்தி வந்து சேர்ந்தாள். எண்ணூர்க் குப்பத்துப் பெண். அப்பாவுக்குச் சொந்தப் படகு. பைப் லைன் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டு வகுப்புக்கு வந்தவள். செருப்போடு, மணல் மூட்டையோடு, யாரோ ஒருத்தியிடம் மீன் விலை பேசிக்கொண்டே ஒன்பது மாடியையும் ஏறி முடித்தாள். மேலே போய் நின்று கீழே எட்டிப் பார்த்து, இன்னும் இரண்டு மாடி கட்டியிருக்கலாம் என்றாள். குமாரவேல் விழுந்து விழுந்து சிரித்தான். இறங்கும்போது அவள் பையும் அவன் மார்பில் இருந்தது. ஒரு களைப்பும் இல்லாதவளுக்கு எதற்குப் பை தூக்குகிறான்? அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் ஜானட்டை விடவில்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கோயிலில் பயணத்துக்காக மெழுகுவர்த்தி ஏற்றியபோது, கடைசியில், கீர்த்திக்கு ஒரே ஒரு தடவை கால் வலிக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு, ஜெபத்தில் இதைக் கேட்டது பாவமா என்று கவலைப்பட்டாள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மலையில் வழிகாட்டி டோர்ஜி வரிசையைத் தீர்மானித்தார். அவர் பேசிய இந்தியை, குழுவில் இருந்த தாவூது தன் வீட்டு உருதுவை வைத்துப் புரிந்துகொண்டு எல்லோருக்கும் சொன்னான். மெதுவாக நடக்கிறவர் முன்னால், வழிகாட்டிக்கு அடுத்து. பலமானவர் கடைசியில். அப்படி நடந்தால்தான் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். முதல் நாள் நடையைப் பார்த்துவிட்டு டோர்ஜி ஜானட்டைக் கைகாட்டித் தன் பின்னால் நிறுத்தினார். கீர்த்தியைக் கடைசியில் நிறுத்தினார். அவளுக்கு முன்னால் குமாரவேல்.

அந்த ஏற்பாட்டில் ஜானட் பார்த்ததெல்லாம் டோர்ஜியின் குதிகாலைத்தான். ஏழு மாதமாகப் படங்களில் பார்த்து வைத்திருந்த பனியும் பாறையும் இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தன. அவள் காது மட்டும் பின்னால் இருந்தது. வரிசையின் வாலில் கீர்த்தி ஏதோ சொல்வாள், குமாரவேல் சிரிப்பான். என்ன சொன்னாள் என்பது முன்னால் வந்து சேராது, சிரிப்பு மட்டும் வந்து சேரும். இந்தப் பயணத்தைக் கொண்டுவந்தவள் நான், என்னை நொண்டி மாட்டைப் போல முன்னால் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே முதல் கணவாயைத் தாண்டினாள். மேலே கயிற்றில் கட்டியிருந்த பிரார்த்தனைக் கொடிகள் படபடத்தன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் கீர்த்திதான் நடுவில் நின்றாள்.

இரண்டாவது கணவாய் இன்னும் உயரம். அதன் அடிவாரத்தில் கூடாரம் போட்ட அன்று மாலையும் டோர்ஜி வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்று கேட்டார். கீர்த்தி சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். அன்று அவள் சாப்பாட்டைத் தொடாததை ஜானட் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாளா, அவளுக்கு அதுதானே வேலை.

விடிந்ததும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது, பாறைக்குப் பின்னால் கீர்த்தி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜானட்டைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க நைனா மொத தபா கடலுக்குப் போனப்ப கொடலே வெளிய வர்ற மாரி எடுத்தாராம். யாராச்சும் போட்ட கரைக்குத் திருப்புனாங்களா? பழைய சோத்துல உப்பு போட்டுக் குட்த்து, வலைய இழுடான்னாங்க. தானா ஓடிப்போச்சு."

"இது கடலு இல்ல கீர்த்தி. ஒசரத்துல காத்து கம்மி, இங்க இருக்க இருக்க ஜாஸ்தியாவும். கீழ எறங்குனாத்தான் போவும்."

"போட்ட திருப்பச் சொன்னவனுக்கு எங்க குப்பத்துல இன்னா பேரு தெரியுமா? அவன் கல்யாணத்துல கூட அத்த சொல்லிச் சிரிப்பாங்க. வாய மூடிகினு வா ஜானட்டு. அந்தாண்ட போய்ட்டா எறக்கம்தான்."

ஜானட் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். கால் வலிக்கட்டும் என்றுதான் கேட்டிருந்தாள். இவ்வளவு கேட்கவில்லை. சொன்னால் கீர்த்தியை இறக்கிவிடுவார்கள். சொல்வது அவள் நல்லதுக்கா, தன் வயிற்றெரிச்சலுக்கா? சொல்லாமல் விட்டால் அது பெருந்தன்மையா, இல்லை, அவள் கணவாய் ஏற்றத்தில் எல்லோர் முன்னாலும் விழட்டும் என்று காத்திருப்பதா? கூடாரத்துக்கு வரும் வரை இப்படியும் அப்படியும் எடுத்து வைத்தாள். உப்புமா தட்டைக் கையில் வாங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. கீர்த்தி வரிசையில் கடைசி ஆள். அவள் சாய்ந்தால் பார்ப்பதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாவூதிடம் போய்ச் சொன்னாள். தாவூதுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவன் டோர்ஜியிடம் சொன்னதை முகாமே கேட்டது. டோர்ஜி எழுந்து வந்து, கூடாரக் கயிற்றின் ஓரமாக ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு ஒட்டி நேராக நடந்து காட்டச் சொன்னார். கீர்த்தி நடந்தாள். அலையில் ஆடும் படகில் நின்று வலை இழுக்கத் தெரிந்தவள், அசையாத தரையில் நாலு அடி வைப்பதற்குள் சாய்ந்து தாவூதின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இப்போதே இறங்க வேண்டும், துணைக்கு ஒருவர் போக வேண்டும், கூடாரச் சாமான் சுமந்துவரும் குதிரைக்காரர்களில் ஒருவர் வழி காட்டுவார் என்றார் டோர்ஜி.

"நீ எதுக்குச் சொன்னேன்னு எனுக்குத் தெரியும்," என்றாள் கீர்த்தி.

யாரும் ஜானட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. கிறிஸ்டினா குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். குமாரவேல் மட்டும் ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில், சீ, நீ இப்படியா என்பது இருந்தது. பிறகு அவன் நடந்து போய்க் கீர்த்தியின் பையை எடுத்துத் தன் மார்பில் மாட்டிக்கொண்டு, நான் கூடப் போகிறேன் என்றான்.

ஜானட்டின் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வரிசையாக வந்தது. இறக்கத்தில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவன். கீழே ஏதோ ஒரு டீக்கடையில் அவளுக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டு அவன். இரண்டு நாள் அவர்கள் இருவரும் மட்டும்.

"வேணாம். நான் போறேன்," என்றாள். யோசிக்காமல் அவள் சொன்ன வார்த்தைகள் அவள் ஆயுளில் குறைவு. இவை அவற்றில் சேர்த்தி.

ஏழு மாதம் பாடுபட்டவள், கணவாயை விட்டுவிட்டு இறங்குகிறேன் என்கிறாள். கிறிஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். தாவூது அதை டோர்ஜியிடம் சொல்ல, அவர் ஜானட்டைப் பார்த்துக் கைகூப்பினார். குமாரவேல் பையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

"தப்பா நெனச்சுட்டேன் ஜானட்டு. மனசுல வெச்சுக்காத."

அவளுக்கு அழுகை வந்தது. பயந்துபோய் உண்மையைச் சொன்னபோது பொறாமைக்காரி என்றார்கள். சுத்தமான பொறாமையில் வாயைத் திறந்ததற்குக் கைகூப்புகிறார்கள். இதை யாரிடம் போய்த் திருத்துவது? அவர்கள் ஐந்து பேரும் டோர்ஜிக்குப் பின்னால் வரிசையாக ஏறினார்கள். இப்போது முன்னால் கிறிஸ்டினா, கடைசியில் குமாரவேல். ஜானட் அவன் பையின் நீல நிறம் மறையும் வரை பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

கீர்த்தியைப் பாதி வழி குதிரை மேல் உட்கார வைத்தார்கள். ஜானட் பக்கத்தில் நடந்தாள். உயரம் குறையக் குறைய, புல் வந்தது, பிறகு குட்டை மரங்கள் வந்தன. உச்சி வெயில் சாய்கிற நேரத்தில், சாலை தொடங்கும் ஊரின் முதல் கடை தெரிந்ததும் கீர்த்தி குதிரையிலிருந்து தானாக இறங்கி, பசிக்கிறது என்றாள். அங்கே சோறும் ராஜ்மாவும்தான் கிடைத்தது. மீன் இல்லாத சோறு ஒரு சோறா என்று திட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் வரேன்னு சொன்னப்ப ஏன் தடுத்த?"

நான்தானே பயணத்துக்குப் பொறுப்பு என்று ஒரு பதில் ஜானட்டிடம் தயாராக இருந்தது. வழி நெடுக அதைத்தான் செதுக்கிக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபோது அது வாயில் வரவில்லை.

"அவன் உன்னோட வரக்கூடாதுன்னுதான்."

கீர்த்தி பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் துழாவிக்கொண்டே யோசித்தாள்.

"காலைல போட்டுக் குட்த்ததும் அதுக்குத்தானா?"

"இல்ல. அது நெஜமாவே பயந்துபோய்ச் சொன்னது."

"தெரியும். காலே நிக்கலயே, எனுக்குத் தெரியாதா."

"அப்புறம் ஏன்டீ மறைச்ச? போட்டு, நைனான்னு கதை வேற."

"கதை இல்ல, அது நெஜம்தான்." கீர்த்தி கடைக்கு வெளியே பார்த்தாள். "நா எறங்கிட்டா நீயும் அவனும் மேல ஒண்ணா நிப்பீங்கல்ல. கிளாஸ்ல தெனம் மேப்ப விரிச்சு வெச்சுகினு, தலையோட தல முட்டிகினு, ரெண்டு பேரும் இன்னாத்தயோ பேசிகினு இருப்பீங்க. எனுக்கு மேப்பு பாக்கத் தெரியாது. பக்கத்துல வந்து நின்னா இன்னா கேக்கறதுன்னும் தெரியாது. படி ஏறத்தான் தெரியும். அத்த ஏறிக் காமிச்சேன்."

ஜானட் அவளையே பார்த்தாள். தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள். அதுவும் இவள். வெளியே சொல்லக்கூடாது, ஆனால் அது இனித்தது. மேப்பைப் பற்றிக் குமாரவேல் கேட்டதெல்லாம் எந்த இடத்தில் செல்போன் டவர் கிடைக்கும் என்பதுதான் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அது தன்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது.

மறுநாள் ஜீப் பிடித்து மலையைச் சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் இறங்கி வரும் பக்கத்துக்குப் போனார்கள். வழியில் கீர்த்தி, தன்னையும் ஜானட் வாங்க வைத்த பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான் என்று ஒத்துக்கொண்டாள். ஜானட் மெழுகுவர்த்தி விஷயத்தைச் சொன்னாள். கால் வலி மட்டும்தான் கேட்டேன் என்று சொன்னபோது கீர்த்தி ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வழி முழுக்க இருவரும் ஒருவனைப் பற்றித்தான் பேசினார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் மேலே நின்று எடுத்த படத்தை முதலில் யாரிடம் காட்டுவான் என்பதில் ஒரு சின்னச் சண்டைகூட வந்தது.

பாதை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பிற்பகலில் வளைவில் தலைகள் தெரிந்தன. டோர்ஜி, தாவூது, இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு ரொம்பப் பின்னால் குமாரவேல். முதுகில் நீலப் பை. மார்பில் இன்னொரு பை, பச்சை நிறம். அவன் பக்கத்தில் வெறுங்கையோடு கிறிஸ்டினா, ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதே சிரிப்பு.

பெஞ்சில் இருவரும் டீ கிளாஸைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது மாடி ஜானட்டுக்கு நினைவு வந்தது. அந்த மூன்று மாடியை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் வாழ்ந்தோம் என்று நினைத்தபோது முகம் சூடானது. ஆனாலும் வயிறு எரிவதை நிறுத்தவில்லை.

"அது கிறிஸ்டினா பையிதானே," என்றாள் கீர்த்தி.

"ம்."

"பாவம், அவுளுக்குக் கால் வலியோ இன்னாவோ."

"நல்லா வலிக்கட்டும்," என்றாள் ஜானட். கீர்த்தி பெஞ்சில் அவளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.