ஐந்நூறு குறைவு

பொய் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்கெடுப்பு அலுவலகத்தில் பதினான்கு வருடமாகப் படிவம் சரிபார்க்கிறேன், வராமல் என்ன செய்யும்?

அந்த மாதம் வந்தவை தம்பதியரின் வருமானப் படிவங்கள். கணவர்களின் தொகையையும் மனைவிகளின் தொகையையும் கணினியில் தனித்தனியாகக் குலுக்கி ஜோடி சேர்த்துப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பது ஜோடியில் மனைவிக்கு அதிகம் வந்தது. படிவங்களிலோ பன்னிரண்டுதான். யாரும் குலுக்கிப் போட்டுக் கல்யாணம் செய்வதில்லை, சரி. ஆனால் கணவனைவிட ஐந்நூறு மட்டும் குறைவாக வாங்கும் மனைவிகள் குவிந்து கிடந்தார்கள். ஐந்நூறு அதிகம் வாங்குபவள் மருந்துக்குக்கூட இல்லை. தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பே கிடையாது.

"எல்லாம் புளுகுக்கா," என்றேன் பக்கத்து மேசை அக்காவிடம்.

"உங்க வீட்ல எப்படி?"

"அவருக்குத்தான் அதிகம்."

வாய் கூசாமல் சொன்னேன். நான்கு மாதம் முன்பு எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனம் சுருங்கிவிடுவாரோ என்ற பயத்தில், அவர் சம்பளத்தைவிட ஐந்நூறு குறைத்து அவரிடம் சொல்லியிருந்தேன்.

மதியம் ஒரு படிவம் கைக்கு வந்தது. பெயர் இருக்காது. ஆனால் அவருடைய கோணல் எழுத்து எனக்குத் தெரியாதா? கணவன், மெக்கானிக், தொகை சரி. மனைவிக்கு நேரே என் உண்மையான சம்பளம், காசு பிசகாமல். கீழே குறிப்பு: 'கேட்டால் குறைத்துச் சொல்வாள். என்னை நினைத்துத்தான். இதையே வைத்துக்கொள்ளவும்.'

வீட்டில் அவர் என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பங்க தெரிஞ்சுது?"

"தினமும் உன் பையில டப்பா வைக்கிறது யாரு? சம்பளச் சீட்டு மேலயே கிடந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ எங்க சொன்ன? கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. அதுகிட்டயாவது பெருமையா சொல்லிக்கலாம்னு எழுதினேன். ரெண்டு தடவ படிச்சும் காட்டினேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் டப்பாவை வாங்கித் துடைத்தேன்.

மறுநாள் இருக்கையில் உட்காரும் முன்பே அக்காவிடம் போனேன்.

"நேத்து தப்பா சொல்லிட்டேன்கா. எங்க வீட்ல எனக்குத்தான் அதிகம்."