அவள் காதில் கேட்டது

கண் மூடியிருக்கிறது, வயலின் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று மெலிகிறது, யாரோ வாசிப்பவரின் கையை லேசாகப் பிடித்துக்கொண்ட மாதிரி, உடனே எனக்குத் தெரிந்துவிடுகிறது, மயிலாத்தாள் வந்துவிட்டாள், அடுப்படி வேலையை முடித்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தன் ஹெட்போனை ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது ஓட்டையில் செருகிவிட்டாள், நான் கண்ணைத் திறப்பதில்லை, பெண்டாட்டி வந்து உட்கார்ந்ததைப் பார்க்கக் கண் எதற்கு, கையை நீட்டி வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன், வயலின் மறுபடி கிட்டே வருகிறது, மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தரையில் படுத்துக்கிடக்கிறது, கீழ் வீட்டில் யாரோ மிக்சியைப் போட்டு நிறுத்துகிறார்கள், எங்கள் மத்தியானங்கள் இப்படித்தான் போகின்றன, போயின என்று சொல்ல வேண்டும், இந்த ஆடியோடு அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது, என் வாய்க்கு அது இன்னும் பழகவில்லை, பழகிவிடும் என்கிறார்கள், பழகவே கூடாது என்று எனக்கு இருக்கிறது.

அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை நானேதான் கட்டினேன், பம்பு மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் பெஞ்சில் நின்றே காலத்தைக் கழித்தவனுக்கு ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்கவில்லை, கோயமுத்தூரில் பழைய ரேடியோ சாமான் கிடைக்கிற சந்து ஒன்று விடாமல் அலைந்து வால்வுகளை, பல்பு மாதிரி எரிகிற அந்தக் கண்ணாடிக் குழல்களை, சேர்த்தேன், முதல் நாள் மின்சாரம் என் விரலைப் பிடித்து உதறியபோது, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதானுங்க இது என்றாள், சிரித்தாள், பிறகு விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்கும் கேட்க வேண்டும் என்று ஹெட்போன் செருக இரண்டு ஓட்டை வைத்தேன், அங்கேதான் தொல்லை தொடங்கியது, இந்த வகை வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பிறவிக் குணம், சத்தத்தை வெளியே விடுகிற வாசலிலேயே அதற்குள் ஒரு தடை உட்கார்ந்திருக்கும், என்னுடையதில் நாற்பது ஓம், மாட்டுகிற ஹெட்போனின் தடை அதைப்போல ஏழெட்டு மடங்காவது இருந்தால்தான் சத்தம் ஒழுங்காக இருக்கும், என் ஹெட்போன் முந்நூறு ஓம், கனமான பழைய சாமான், அவளுடையது முப்பத்திரண்டு, செல்போனுக்கென்று செய்த தக்கைச் சாமான், மகள் வாங்கிக் கொடுத்தது.

இதை அவளுக்கு விளங்கவைக்க எங்கள் வீட்டுக் குழாயையே காட்டினேன், மாடித் தொட்டியிலிருந்து அரை இஞ்சு பைப் ஒன்றுதான் இறங்குகிறது, வீட்டைக் கட்டின மேஸ்திரியின் சிக்கனம், நான் குளிக்கும்போது அவள் அடுப்படிக் குழாயைத் திறந்தால் என் தலைக்கு மேல் ஷவர் நூலாக இளைத்துவிடும், அம்முணி, கொழாயை மூடு என்று கண்ணில் சோப்பு நுரையோடு கத்துவேன், பாத்தரத்தை ஆருங்க கழுவறது, நீங்களா என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். அந்த பைப்புதான் இந்த நாப்பது ஓம், உன்னுது வாய் அகலமான கொழாய், தொறந்தா மொத்தத்தையும் அதே இழுத்துக்குது, என்னுது சின்னக் கொழாய், பாவம் இளைச்சுப் போகுது என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள், அப்ப நா எடுத்துக்கறது உங்க சத்தத்தைத்தானுங்களா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், அப்பச் செரி என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

உன் பக்கமும் நல்லா இருக்காது, மிருதங்கம் வீங்கிக் கேக்கும் என்று கணக்குப் போட்டே சொன்னேன், அவளுடையதை நான் ஒரு நாளும் என் காதில் வைத்துப் பார்த்ததில்லை, கணக்கிலேயே தெரிகிறபோது காது எதற்கு, எனக்கு எப்போதும் அப்படி ஒரு எண்ணம், அவளுக்கென்று இன்னொரு முந்நூறு ஓம் தேடிப் பிடித்து வந்தேன், கழுத்து வலிக்குதுங்க, கம்மல் அழுத்துதுங்க என்று அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றேன், கழுதைதானுங்க, தாலி கட்டிக் கூட்டியாந்தது ஆராமா என்றாள். எப்படிக் கேக்குது அம்முணி என்று தினமும் கேட்பேன், கண்ணைத் திறக்காமலே கேட்பேன், நல்லாத்தானுங்க கேக்குது என்பாள், நல்லா இருக்க முடியாது என்று கணக்கு சொல்கிறது, நல்லாத்தான் இருக்கிறது என்று அவள் சொல்கிறாள், நான் பாதி அவளையும் பாதி கணக்கையும் நம்பிக்கொண்டு, கணபதி ஏரியாவில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற ஒருவரிடம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சொல்லிவைத்தேன், ஆம்ப்ளிஃபயருக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் அதைக் கோர்த்தால் நாற்பது ஓம் நாலைந்தாக இறங்கிவிடும், அவளுக்கு வயலின் வயலினாகக் கேட்கும், அவள் வந்தால் எனக்கு இளைக்காது, போனால் நிறையாது, ஒருத்தர் குழாய் இன்னொருத்தருக்குத் தெரியாது, அவரோ தகடு வர்லீங்க சார், வந்ததும் சுத்திருவனுங்க என்று இழுத்துக்கொண்டே போனார்.

அந்த மத்தியானமும் வயலின் மெலிந்தது, அவள் வந்து உட்கார்ந்தாள், நான் வால்யூமைக் கூட்டினேன், இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்தது, அரைக்கண்ணில் தட்டைத் திருப்பிப் போட்டேன், பேகடா ராகம், வாசிப்பவர் இறங்கி இறங்கி வந்து ஒரு இடத்தில் நின்றுகொண்டு மேலே பார்க்கிறார், நானும் பார்க்கிறேன், சத்தம் அப்படியேதான் இருக்கிறது, ஏறவில்லை, அவள் எழுந்து போயிருந்தால் ஏறியிருக்கும், ஏறவில்லை என்றால் இருக்கிறாள் என்றுதானே அர்த்தம், எனக்கு அது எவ்வளவு நிச்சயமாக இருந்தது என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது, இரண்டாம் பக்கமும் முடிந்து ஊசி கரகரக்கிறபோது கண்ணைத் திறந்தேன், அவள் தலை நாற்காலியின் தோளில் சாய்ந்திருந்தது, கை மடியில், ஹெட்போன் காதுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி, டீ போடட்டுமா அம்முணி என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். தூக்கத்துலயே போயிட்டாங்க, பக்கத்துல முழிச்சுப் பாத்துட்டு இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க என்று டாக்டர் சொன்னார், நம்பினேன், இன்றும் நம்புகிறேன், என்னை அரிப்பது அது இல்லை, ஆம்ப்ளிஃபயருக்கு ஹெட்போனைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது, அதுகூட இல்லை, அவள் கடைசியாகக் கேட்டது எப்படி இருந்தது, அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும், நல்லதாக எதையாவது கேட்டுக்கொண்டுதான் போனாளா.

காரியமெல்லாம் முடிந்து வந்திருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் கலைந்த பிறகு குளிக்கப் போனேன், ஷவரில் தண்ணீர் கொட்டுகிறது, இளைக்கவே இல்லை, தலையிலும் தோளிலும் அடித்துக் கொட்டுகிறது, இத்தனை தண்ணீரா இந்த பைப்பில் வந்துகொண்டிருந்தது, நான் சுவரில் கை வைத்துக்கொண்டு அழுதேன், நன்றாக வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகு கனவிலும் தண்ணீர்தான், கொட்டிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரா வயலினா தெரியவில்லை, திடீரென்று இளைக்கிறது, அம்முணி, கொழாயை மூடாத என்கிறேன், மூடாத, பாத்தரம் கழுவு, அந்தப் பக்கமிருந்து பதில் வரப்போகிறது, வரப்போகிற அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது, விழித்தால் வெயில், பால்காரர் மணி. சத்தமும் அப்படித்தான், முதல் முறை தனியாக ஆம்ப்ளிஃபயரைப் போட்டபோது வயலின் நிறைந்து, விம்மி, இரண்டு காதையும் நிரப்பிக்கொண்டு வந்தது, எத்தனையோ நாள் இப்படி வர வேண்டும் என்று ஆசைப்பட்ட சத்தம், ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை, அவளுடைய ஹெட்போனை எடுத்து இரண்டாவது ஓட்டையில் செருகி எதிர் நாற்காலியில் வைத்தேன், சத்தம் இளைத்தது, அவள் பங்கை எடுத்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டேன், அன்றிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன், ஆனால் அந்த ஹெட்போனை எடுத்து என் காதில் வைக்க மட்டும் துணிச்சல் வரவில்லை, வைத்தால் தெரிந்துவிடும்.

வருஷ திதிக்கு ஓசூரிலிருந்து மகள் கோகிலவாணி வந்திருக்கிறாள், டிரான்ஸ்ஃபார்மரும் இந்த வாரம்தான் வந்தது, கைக்கடக்கமாக, வார்னிஷ் வாசனையோடு, அதை மேஜையில் பார்த்தாள், காலி நாற்காலியில் இருந்த ஹெட்போனைப் பார்த்தாள், அவளுக்கும் சின்ன வயதிலேயே இந்தக் குழாய்க் கணக்கைச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும், அந்த வீட்டில்தானே குளித்து வளர்ந்தாள். ஏனுங்கப்பா, அம்மாவுதைச் சும்மா மாட்டி வெச்சு உங்க சத்தத்தை நீங்களே எதுக்குக் கொறச்சுக்கறீங்க என்றாள். இருக்கட்டும் கண்ணு என்றேன். இருக்கட்டும்னா, அந்த டிரான்ஸ்ஃபார்மரையாவது போட்டுருங்க, அதுக்குத்தானுங்க சொல்லி வெச்சீங்க, இப்புடியே வெசனத்துலயே உக்காந்துட்டு இருந்தா எப்படி என்றாள், குரல் அதட்டலாகத்தான் இருந்தது, கண் அப்படி இல்லை. சரி என்று ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றி, பற்றவைப்பு இரும்பைச் சூடு போட்டேன், ஈயம் உருகத் தயாராக இருக்கிறது, இரண்டே கம்பி, எடுத்து மாற்றினால் முடிந்தது, கை அங்கேயே நின்றுவிட்டது. என்னங்கப்பா என்றாள். இதைப் போட்டுட்டா அம்மா கேட்டது எப்படி இருந்துச்சுன்னு இனித் தெரியவே தெரியாது கண்ணு, சத்தமே வேறயாயிரும் என்றேன். அப்பக் கேட்டுப் பாத்துருங்க என்றாள். நல்லா இல்லீன்னா என்றேன். அவள் இரும்பின் பிளக்கைப் பிடுங்கிப்போட்டாள், நல்லா இல்லீன்னா இல்லீங்கப்பா, நானும் கூட உக்காந்துக்கறேன் என்றாள்.

தகட்டை மறுபடி முடுக்கி நிமிர்த்தி வைத்தேன், வால்வுகள் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகிறவரை இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதே இசைத்தட்டு, அதே பக்கம், என் முந்நூறு ஓமை அவள் தலையில் மாட்டிவிட்டேன், என் நாற்காலியில் அவளை உட்காரவைத்து நான் மயிலாத்தாளின் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவளுடைய ஹெட்போனின் பஞ்சு பொடிந்துபோய் விரலில் கறுப்பாக ஒட்டியது, மாட்டினேன், ஊசி இறங்கியது. வயலினைக் காணோம். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பி மட்டும் தொம் தொம் என்று மண்டைக்குள் விழுகிறது, அதற்குப் பின்னால் எங்கேயோ, அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் யாரோ கம்பியைத் தேய்க்கிற மாதிரி ஒரு கீச்சல், கணக்கு சொன்னதுதான், கணக்கு சொன்னதைவிட மோசம். மெலிசா இருக்குதுங்கப்பா, கூட்டிக்கட்டுங்களா என்று கோகிலவாணி வால்யூமைத் திருகினாள், அங்கே அவளுக்கு வயலின் கிட்டே வந்திருக்கும், இங்கே எனக்கு அடி இரண்டு மடங்காக விழுந்தது, காது வலித்தது, என் கை தானாகவே ஹெட்போனைக் காதுக்குப் பின்னால் தள்ளியது, மயிலாத்தாளும் அப்படித்தான் தள்ளி வைத்திருந்தாள், கம்மலுக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், நான் கூட்டக் கூட்ட அவள் தள்ளித் தள்ளி, ஒன்றுமே கேட்கவில்லை அவள், இத்தனை வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட அவள் வயலினைக் கேட்கவில்லை, அந்தக் கடைசி மத்தியானமும் இல்லை, ஏம்புள்ள சொல்லுல, ஏன் சொல்லவே இல்லை, வருவது கோபமா அழுகையா என்று தெரியவில்லை, எழுந்துவிடலாம் என்று இருந்தது, எழவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் கண் மூடவில்லை, மூடாத கண் வேறு வேலை இல்லாமல் எதிரே போய் நின்றது, எதிரே கோகிலவாணி கண் மூடியிருக்கிறாள், பேகடா அவளிடம் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிகிறது, புருவத்துக்கு நடுவே இருந்த முடிச்சு அவிழ்கிறது, கீழுதடு கொஞ்சம் தொங்குகிறது, வாசிப்பவர் மேலே ஏறும்போது முகவாய் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது, அது என் முகவாய், என் புருவம், எல்லாரும் சொல்வார்கள், கண்ணை மூடிக்கொண்டிருக்கிற என் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை, மயிலாத்தாள் உட்கார்ந்த இந்த நாற்காலியிலிருந்து அது நன்றாகத் தெரிகிறது, மத்தியான வெயில் படுகிறது, வேறு எங்கும் பார்க்கத் தோன்றவில்லை, தொம் தொம் என்று விழுவதும் வலிப்பதும் அப்படியேதான் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். அங்க எப்படிங்கப்பா கேக்குது என்று கண்ணைத் திறக்காமலே அவள் உரக்கக் கேட்டாள், நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, நல்லாத்தான் கண்ணு கேக்குது என்றேன்.