வெள்ளிக்கிழமைப் புகை

விஜயதசமி காலையில் கவிப்பிரியாவின் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே காற்றாடிகள் சுற்றின, நீல விளக்கு எரிந்தது, திரை மட்டும் கருப்பாகவே கிடந்தது. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கி, தானாகவே மறுபடி சுற்றத் தொடங்கியது. பெட்டியின் நெற்றியில் அம்மா ராஜம்மா நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. தலையில் சாமந்திச் சரம் வேறு. ஜோடனையெல்லாம் மாப்பிள்ளைக்குக் குறைவில்லை, வேலைதான் ஒன்றும் ஆகவில்லை.

ராஜம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த எதையும் அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள் நல்ல நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் அவள் போட்ட சட்டம். அவளுடைய தையல் மெஷின், புருஷன் ராமனின் ஷேர் ஆட்டோ, அரிவாள்மணை, சுத்தியல் எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை, "அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் குடுடி, பாவம்" என்று சொல்லி அணைக்க வைத்ததும் அவள்தான். ஆட்டோ உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. தையல் மெஷின் தடதடவென்று ஓடியது. இது ஒன்றுதான் படுத்துக்கொண்டது.

சும்மா படுத்திருந்தால் பரவாயில்லை. கவிப்பிரியா திருமழிசைப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு, படங்களுக்கு உயிர் கொடுக்கும் அனிமேஷன் வேலையைத் தானே கற்றுக்கொண்டாள். பலகை ஒரு கடையில், காற்றாடி ஒரு கடையில், யாரோ விற்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டு என்று வாங்கி வந்து கூடத்திலேயே உட்கார்ந்து பூட்டிய பெட்டி இது. சிட்டியில் ஒரு ஸ்டூடியோ அவளைப் பத்து விநாடிப் படம் ஒன்று செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்தால் வேலை. இன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும், கடைசித் துண்டு இன்னும் பாக்கி. தோழிகளின் லேப்டாப்பில் அது திறக்கக்கூட மாட்டேன் என்கிறது. பெட்டி எழவில்லை என்றால் திரும்பவும் கிடங்கு, திரும்பவும் ஸ்டிக்கர். பொம்பளப் புள்ள கம்ப்யூட்டர் கட்டுதாம் என்று சிரித்த சொந்தக்காரர்களுக்கு இன்னும் ஒரு தீபாவளிக்குப் பேச்சு கிடைத்துவிடும்.

சவாரிக்குப் புறப்பட்ட ராமன் எட்டிப் பார்த்தார்.

"திஷ்டிதான். ஆட்டோக்கு நாலு எலுமிச்சம்பழம் வெச்சேன், இதுக்கு யாராச்சும் வெச்சீங்களா?"

"யோவ், கம்முனு போய்யா. புள்ள கீற டென்சன்ல," என்றாள் ராஜம்மா. ஆனாலும் அவள் கண் ஒரு முறை எலுமிச்சம்பழக் கூடைப் பக்கம் போய்த்தான் வந்தது.

கவிப்பிரியா அழவில்லை. அதுதான் ராஜம்மாவுக்கு முதல் ஆச்சரியம். பால் பொங்கி வழிந்தாலே கத்துகிற பெண், ஒரு பழைய போர்வையைக் கூடத்தில் விரித்து, பெட்டியைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினாள். பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டாள். ராமன் தினமும் காலையில் ஹேண்டில்பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே, அப்படித்தான் ராஜம்மா நினைத்தாள்.

"சாமி கும்புட்டுக்கினியா?"

"இல்லமா. நம்ம ஒடம்புல கரண்ட் கீது. நமக்குத் தெரியாது. அது பட்டா இது தாங்காது. இரும்பத் தொட்டா எறங்கிடும்."

ராஜம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இத்தனை வருஷம் காலர் தைத்த, சுட்டுவிரலில் ஊசி ஏறிய கை. அதில் கரண்ட் இருக்கிறது என்று ஒருத்தரும் இதுவரை சொன்னதில்லை.

பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கத்து அண்ணனூர் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தால் மின்சார ரயில்கள் நிற்கும் கார் ஷெட்டுக்குள் தண்டவாளங்கள் பிரிந்து, வளைந்து, கூடி, மறுபடி பிரிந்து போகுமே, அதுபோல அந்தப் பச்சைப் பலகை முழுக்க மெல்லிய கோடுகள் ஓடின. ஒவ்வொரு கோடும் எங்கோ போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் எவன் போட்டான், எந்தக் கண்ணால் போட்டான் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டுவிட்டாள்.

கவிப்பிரியா ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றுவாள், பொத்தானை அமுக்குவாள், திரையைப் பார்ப்பாள், ஒயரைப் பிடுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போவாள். ஒரே நேரத்தில் இரண்டில் கை வைக்கவே இல்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஊசியைப் பார், அப்புறம் பாபினைப் பார், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும் என்பது ராஜம்மாவுக்குத் தெரியும். இந்தப் பொறுமை இவளுக்கு எப்போது வந்தது என்பதுதான் தெரியவில்லை. மகள் தன் கண்ணெதிரிலேயே வேறு யாரோவாக வளர்ந்து நிற்கிறாள், தான் அதைப் பார்க்கத் தவறிவிட்டோம் என்று நினைக்கும்போது பெருமையும் லேசான பயமும் சேர்ந்து வந்தன.

கார்டைக் கழற்றியாயிற்று, வட்டப் பேட்டரியைக் கழற்றி மாட்டியாயிற்று. திரை அசைந்து கொடுக்கவில்லை. கவிப்பிரியா சீப்பு போல நீளமாக இருந்த இரண்டு பட்டைகளை நெம்பி எடுத்தாள்.

"இது இன்னாடி?"

"ரேம். வேல செய்யும்போது எல்லாத்தியும் இதுலதான் ஞாபகம் வெச்சுக்கும்."

அவை இருந்த பள்ளத்தில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தவள் இன்னும் குனிந்தாள். உள்ளே பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நடுவில் சூட்டைத் தணிக்க வைத்திருந்த இரும்புச் சிறகுகளின் இடுக்கிலும் அதே பழுப்பு, கம்பளி போல அப்பியிருந்தது. மேலே தூசி தட்டியதோடு சரி, இவ்வளவு ஆழத்தில் அவள் பார்த்ததே இல்லை. விரலால் வழித்து முகர்ந்தாள். பிறகு விரலை அம்மாவின் மூக்கருகே நீட்டினாள்.

சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை தவறாமல் தூபக்காலை எடுத்துக்கொண்டு ராஜம்மா வீட்டைச் சுற்றுவாள். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பாள். காரணம் இருந்தது. சாமி படத்துக்குக் காட்டினால் புகை தன்பாட்டுக்கு மேலே போய்விடும். இந்தப் பெட்டிக்குக் காட்டினால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒரு இழை விடாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் புல்லரிக்கும். ஏற்றுக்கொண்டது என்று நினைத்தாள். என் மகளுக்கு நல்லது செய் என்று அதனிடம் வாய்விட்டே வேண்டியிருக்கிறாள்.

"நானாடி இத்தப் பண்ணேன்?" என்றாள் ராஜம்மா.

கவிப்பிரியா எழுந்து போய், தையல் மெஷின் டிராயரிலிருந்து பஞ்சுத் தூசி தட்டும் சின்னப் பிரஷ்ஷை எடுத்து வந்தாள். பள்ளத்தை மெல்லத் தட்டி ஊதினாள். பட்டைகளின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்தாள். "ஓடிக்கினே இருந்த வரைக்கும் சூட்டுல எப்டியோ ஒட்டிக்கினு இருந்துச்சி. நேத்து ஜில்லுன்னு ஆனதும் ரேம் புடி உட்டுடுச்சி போல," என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. இரும்புச் சிறகுகளைக் கழற்றி ராஜம்மாவிடம் கொடுத்தாள். ராஜம்மா விளக்கைத் துடைப்பது போல ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். அவற்றின் அடியில் தடவ வேண்டிய, சூட்டைக் கடத்தும் பசை நல்லவேளையாகக் கொஞ்சம் மீந்திருந்தது.

எல்லாம் திரும்ப ஏறி உட்கார்ந்தபின் கவிப்பிரியா, "நீ அமுக்கு," என்றாள்.

"நான் வேணாம்."

"அமுக்குமா."

ராஜம்மா முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். காற்றாடி சுற்றியது. ஷெட்டிலிருந்து ஒரு ரயில் கூவிக்கொண்டு வெளியே போனது. கருப்புத் திரையின் நடுவில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. ராஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. செத்தது எழுந்து உட்கார்ந்தது போல இருந்தது அவளுக்கு. மகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, அவ்வளவு பெரியவளாகத் தெரிந்தாள்.

"இனிமே சாம்பிராணி போடமாட்டேன்டி."

"இந்தப் பக்கம் மட்டும் காட்டாத."

"அப்பல்லாம் நீ பாத்துகினுதான இருந்த. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"புகையத்தான் பாத்துகினு இருந்தேன்," என்றாள் கவிப்பிரியா. "அது உள்ள போவுதுன்னு தோணவே இல்ல."

அவள் படத்தின் கடைசித் துண்டைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க ஓடவிட்டாள். இருட்டான திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெளிச்சம் நிரம்பத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் சுவர் வந்தது, அடுத்ததில் நீலக் கதவு. நம்ம ஊட்டுக் கதவு. கதவிடுக்கில் விழுந்த வெயில். அந்த வெயிலுக்குள் ஒரு புகை இழை, அவிழ்ந்து, சுருண்டு, இன்னொன்றோடு பின்னிக்கொண்டு.

"புகைதாம்மா ரொம்ப கஷ்டம். தூள் தூளா கணக்குப் போடணும். அதுக்குத்தான் இது இப்டி சூடாவுது."

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"தெர்லமா. ஓடட்டும்."

அடுத்த கட்டத்தில் ஒரு தூபக்கால் வந்தது. அதற்கடுத்து அதைப் பிடித்திருக்கும் கை, சுட்டுவிரலில் ஊசி ஏறிய பழைய தழும்போடு. முகம் இருக்கவேண்டிய இடம் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. ராஜம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுவென்று வந்த காற்று அவள் காலில் பட்டது. அதில் சாம்பிராணி வாசனை லேசாக அடித்தது.