எண்ணுகிறவள்

மாலை நான்கு மணிக்கே பனி இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே தானா ராத்தா டவுனே தெரியவில்லை. நர்ஸ் யோகேஸ்வரி காய்ச்சல்காரர்களுக்கு நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நோயாளியைத் தூக்கியதில் அவள் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியது. அதிலிருந்து பாரம் தூக்காத லைட் டூட்டி, இந்தக் கவுண்டரில். எமர்ஜென்சி சுவருக்கு அந்தப் பக்கம்தான். அங்கே ஆளைக் கட்டிலுக்கு மாற்றும்போது தலைமாட்டில் நிற்பவள் மலாயில் எண்ணுவாள். சத்து, துவா, தீகா. மூன்றாவதில் எல்லாக் கைகளும் ஒன்றாக எழும்பும். பல வருடம் அது அவள் குரல். இப்போது சுவர் வழியாக ஒரு புதுப் பெண்ணின் குரல் கேட்கிறது. துவாவுக்கும் தீகாவுக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்க இடம் விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் யோகேஸ்வரி தனக்குள் சரியாக எண்ணிக்கொள்வாள்.

நாளை டாக்டர் அவளைப் பரிசோதிப்பார். வலி போயிருந்தால் பழைய இடம். இல்லையென்றால் இந்த நாற்காலிதான், கடைசிவரை.

சிஸ்டர் ரஞ்சிதம் கதவைத் தள்ளினாள்.

"யோகே, வா. அந்தப் பொண்ணு ஆம்புலன்ஸோட ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டா. நீ எண்ணு, போதும். கை வைக்காத, சொல்லிட்டேன்."

எஸ்டேட் லோரியில் கொண்டுவந்திருந்தார்கள். காளிமுத்து. கொழுந்து வெட்டும் மெஷினோடு சரிவில் உருண்டதில் கால் முறிந்திருந்தது. சட்டையெங்கும் பச்சைத் துணுக்குகள்.

"மெதுவா லா மிஸ்ஸி. நான் தேயிலை மூட்டை இல்ல."

"மூட்டைன்னா வாய மூடிக்கிட்டுக் கெடக்கும்ணே," என்றாள் யோகேஸ்வரி.

வலியிலும் அவர் சிரித்தார். அவள் தலைமாட்டில் நின்றாள். ஸ்பிரிட் வாசனை. மற்றவர்கள் விரிப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்படி யாரும் அவளைப் பார்த்து வெகுநாளாயிற்று. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சத்து."

"துவா."

மூச்சு வாங்க இடம் விட்டாள்.

"தீகா."

வாய் சொல்லி முடித்தபோது அவள் கைகளும் விரிப்பின் ஓரத்தில் இருந்தன. காளிமுத்து எழும்பினார், நகர்ந்தார், கட்டிலில் இறங்கினார்.

"வலிக்கவே இல்ல மிஸ்ஸி," என்றார்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து இடது குதிகால்வரை சூடாக ஏதோ இறங்கியது. நிமிர முடியவில்லை. அவருடைய தலையணையைச் சரிசெய்பவள்போல் குனிந்தே நின்றாள். தலைமயிரில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

ரஞ்சிதம் திரையை இழுத்துவிட்டு அருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பாத்துட்டேன்டி. நாளைக்கு டாக்டர் என்னையும் கேப்பாரு. நான் என்னான்னு சொல்றது?"