காலையில் நனையாத கம்ப்யூட்டர்

எல்லோரும் சௌக்கியம்தானே? மழை விட்டதும் இருமல், முழங்கால் வலி என்று எதுவும் படுத்தவில்லையே? செம்பூரில் நாங்கள் நலம். பேத்தி வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வந்தேன்.

பேத்தி ஸ்ரீலேகாவும் அவள் கணவன் மாதவும் முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறவர்கள். முறையாகக் கற்றவர்கள்தான். போன மாதம் தாராவியில் இருக்கும் நண்பன் ஹமீதோடு தாதரில் ரயிலேறி, கொங்கண் கரையில் இருக்கும் மால்வண் போனார்கள்.

அடியில் இருக்க இருக்க, சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேருமாம். மேலே வந்த பிறகும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அளவு மீறினால் மேலே வரும்போது, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழி கட்டி, கை கால் விழுந்துவிடலாம். அளவு பார்க்க இரண்டு வழி. ஆழம் காட்டும் முள் மானி, கடிகாரம், எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் என்று பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்த டேபிள் என்பது பழைய வழி. மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் புதிய வழி. இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று அதுவே சொல்லும்.

இவர்களிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். இருவருக்கும் ஒரே சார்ஜர், ஒரே குடை என்று பழகிய வீடு அது.

காலையில் அதைக் கட்டிக்கொண்டு படகேறிய ஸ்ரீலேகா, அலையில் தலை சுற்றி வாந்தி எடுத்தபடி படகிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாதவ் மானியும் டேபிளுமாக ஹமீதோடு இறங்கி வந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குத் தெளிந்தது. ஹமீது படகிலேயே தூங்கிப்போனான்.

"நீ கணக்குல புலி. டேபிளை நீ வெச்சுக்கோ, கம்ப்யூட்டரை இப்படிக் குடு," என்று மாதவ் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இருவரும் இறங்கினார்கள். பாறை இடுக்கில் ஒரு விலாங்கு. மாதவ் அதை விட்டு நகரவில்லை. ஸ்ரீலேகா தன் நேரத்தைச் சரிபார்க்க டேபிளை எடுத்தாள். அன்றைக்கு இரண்டாம் முறை இறங்குகிறவர்களுக்கு அதில் தனிக் கணக்கு இருந்தது. அவளுக்கு அது வேண்டாம். மாதவுக்கு? விரல் வைத்துப் பார்த்தாள். அவன் நேரம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கினாள். அவன் மணிக்கட்டைக் காட்டினான். இன்னும் நிறைய நேரம் இருப்பதாகச் சொன்னது திரை. அவள் கம்ப்யூட்டரைத் தொட்டாள், தன் மணிக்கட்டைத் தொட்டாள், பிறகு வயிற்றைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுப்பதுபோல் நடித்துக் காட்டினாள். கண்ணாடிக்குள் அவன் கண்கள் சிரித்தன. சிரிப்பு அப்படியே நின்றது. காலையில் அது அவள் கையில், படகில் இருந்தது. அவன் ஒருமுறை இறங்கி வந்தது அதற்குத் தெரியவே தெரியாது.

மெதுவாக ஏறினார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சிலிண்டரில் காற்று இடம் கொடுத்தவரை தங்கிவிட்டு வெளியே வந்தார்கள்.

ஹமீது எழுந்து மாதவுக்கு ஆக்ஸிஜன் வைத்தான். டாக்டருக்குப் போன் போட்டான். அப்புறம்தான் வாய் திறந்தான். "ஏல, புருசனும் பொண்டாட்டியும் டூத் பிரஷ்ஷயும் மாத்திக்கிடுவியளோ?"

அன்று முழுக்க ஸ்ரீலேகா மாதவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, "தெரியறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் தெரிந்தது.

மறுநாள் அவள் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு ஹமீதோடு இறங்கினாள். மாதவ் படகில் இருந்தான். இந்த முறை வாந்தி அவனுக்கு.

உங்கள் வீட்டிலும் ஒருவர் பொருளை இன்னொருவர் மாட்டிக்கொண்டு சிக்கிய கதை இருக்குமே? எழுதி அனுப்புங்கள்.