ஆசியப் போட்டிக்குப் போகாத மனு

பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்கு மேல் எதுவும் எழுதிப் பழகாத கை இது. கற்றறிந்த வாசகர்கள் முன் ஒரு கதையை வைக்கத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். பிழைகளைப் பெரிய மனத்துடன் பொறுத்தருள வேண்டும்.

1973ஆம் ஆண்டு. சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் எழுத்தர் தணிகாசலத்துக்கு ஓர் ஆசை தலைக்கேறியிருந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் நீச்சலுக்கும் மல்யுத்தத்துக்கும் இடம் இருக்கும்போது சதுரங்கத்துக்கு மட்டும் ஏன் இல்லை? மனு எழுதினார். மாகறல், ஏனாத்தூர் என்று ஊர் ஊராக மூன்று ஆண்டுகள் சைக்கிள் மிதித்துக் கையெழுத்து வாங்கினார்.

"குந்திக்கினு ஆடறதெல்லாம் ஸ்போர்ட்ஸாய்யா? அப்ப எங்க மாமனாருக்குத்தான் மொத மெடலு!" என்று கேலி செய்தார் சங்கத்து நெசவாளர் முனிரத்தினம். அவரிடமும் கையெழுத்து வாங்காமல் தணிகாசலம் விடவில்லை.

மனு போட்டிக் குழுவுக்குப் போக மாநில விளையாட்டு அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. மனுவோடு இணைத்த ஆட்டக்காரர் பட்டியலில் உள்ளவர்கள் சர்வதேச விதிப்படி ஆடுவதை நேரில் பார்த்த பிறகே கடிதம் தருவோம் என்று பதில் வந்தது. ஆனால் அவர்கள் ஆடிவந்தது ஊர் ஆட்டம். எதிரியிடம் ஒரு முறையும் ஷா, அதாவது செக், வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். சர்வதேச ஆட்டத்தில் அது செல்லாது.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்றுதான் சங்கக் கிடங்கில் பலகை விரிப்பார்கள். இரண்டு அமாவாசைகள் தணிகாசலம் தொண்டை வற்றப் புது விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். "தாவல் கெடையாது, தாவல் கெடையாது."

"தெரியும்ணா. நூறு தபா சொல்லிட்டே" என்று சிரித்தான் யேசுதாஸ். காலனியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். அவனை வென்றவர் அந்தக் கிடங்கில் எவரும் இல்லை.

மூன்றாம் அமாவாசையன்று அதிகாரி வந்தார். "நல்லா ஆடறவர் ஒருத்தர் வாங்க, நானே ஆடிப் பார்க்கறேன்" என்றார். கூட்டம் யேசுதாஸை முன்னே தள்ளியது. இருபது நகர்த்தலில் அதிகாரியின் நெற்றி வியர்த்தது. அடுத்த நகர்த்தலில் யேசுதாஸின் கை ராஜாவை எடுத்துக் குதிரை போலத் தாவ வைத்தது. தாவாமலேயே அவன் வென்றிருக்கலாம்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "என்னாய்யா இது, உங்க ஊரு ராஜாவுக்குக் குளம்பு மொளைச்சிருக்குதே!"

"கைப்பழக்கம் சார். எடுத்துடறேன் சார்" என்று யேசுதாஸ் தடுமாறினான்.

மூன்று ஆண்டுகள் கண்ணெதிரே கவிழ்வதாகத் தணிகாசலத்துக்குத் தோன்றியது. "அவன் எங்க ஆளே இல்லீங்க சார்" என்றார் அவசரமாக. "சைக்கிள் கடைக்காரன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனை யாரோ உட்கார வச்சுட்டாங்க."

அதிகாரி கோப்பைப் பிரித்து ஆட்டக்காரர் பட்டியலைத் தேடி எடுத்தார்.

"மொத பேரே 'யேசுதாஸ், சைக்கிள் கடை'ன்னு இருக்குதே. இது உங்க கையெழுத்துதானே சார்?"

தணிகாசலம் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"பழைய பழக்கம், ரெண்டு மாசம் டயம் குடுத்துட்டு மறுபடி வரலாம்னு நெனைச்சேன். ஆளே இல்லைன்னு நீங்களே சொன்ன லிஸ்டுக்கு நான் எப்படிக் கடிதம் குடுக்கறது?" அதிகாரி கோப்பில் ஒரு வரி எழுதி மூடினார். மதிய பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

அவர் போன பிறகு யேசுதாஸ் காய்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்தான்.

"யேசு, மனுவுக்காகத்தாம்பா அப்படிச் சொன்னேன்" என்றார் தணிகாசலம்.

"வேடிக்கை பார்க்கத்தாண்ணா வந்தேன். பார்த்துட்டேன்."

அதற்குப் பின் அவன் அந்தத் தெரு வழியாகக்கூட வரவில்லை. ஆட்டக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள்.

இழந்தவை இவை: ஒரு பரிந்துரைக் கடிதம். மூன்று ஆண்டு உழைப்பு. அறுநூற்றுப் பதினேழு பேரின் கையெழுத்து. அமாவாசை ஆட்டம். யேசுதாஸ்.